தீக்காய வார்டுக்காரியுடன் ‘ஃபயர்’

‘ஃபயர்’ படத்தை ரீகல் தியேட்டரில் பார்த்தவர்கள் தில்லியில் நிறையப் பேர் இருப்பார்கள். தீக்காய வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். எனக்கு 1998 நவம்பரில் அது வாய்த்தது.

கரோல் பாகில் ஒரு பர்சாத்தியில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். மொட்டைமாடியில் ஒரே அறை, தகரம் வேய்ந்த ஒரு குளியலறை, மிச்சமெல்லாம் வானம். இதற்குத்தான் தில்லியில் பர்சாத்தி என்று பெயர். நான் ஸ்டாஃப் செலக்‌ஷன் தேர்வு எழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக வந்த தஞ்சாவூர்க்காரி. அவள் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம், அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். நான் ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் கிடைத்த சிற்றிதழ்களையெல்லாம் வாசித்துவிட்டு, எதைப் பார்த்தாலும் அது வேறு எதையோ குறிக்கிறது என்று சொல்லித் திரிந்த காலம். அவளுக்கு அந்த நோய் இல்லை.

தீபா மேத்தா அதை ஆங்கிலத்தில் எடுத்தவர். நாங்கள் பார்த்தது இந்திப் பதிப்பு. ராதா, சீதா என்று இரண்டு ஓரகத்திகள். இந்தியில் மட்டும் சீதா நீதா ஆகியிருந்தாள். தணிக்கைக் குழு படத்தில் ஓர் அங்குலமும் வெட்டாமல் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரை மட்டும் மாற்றச் சொன்னதாகப் பேப்பரில் வந்திருந்தது. வெளியே வரும்போது இதைச் சொன்னேன். “பேரை மாத்தினா தீ சுடாதா?” என்றாள்.

தியேட்டரில் கீழே முன்வரிசைகளில் சுவரொட்டியை நம்பி வந்த ஆண்கள் கூட்டம். பால்கனியில் கல்லூரிப் பெண்கள், கூட்டம் கூட்டமாக. படம் கடுகுப் பூ வயலில் தொடங்குகிறது. குழந்தை ராதாவுக்கு அவள் அம்மா, கடலையே பார்த்திராத மலைவாசிகளின் கதையைச் சொல்கிறாள். பிறகு தில்லியின் ஒரு நடுத்தரக் கூட்டுக் குடும்பம். கீழே சாப்பாட்டுக் கடையும் வீடியோ கடையும், மேலே வீடு. மூத்தவன் அசோக் ஒரு சாமியாரிடம் போய் பிரம்மச்சரியத்தில் இறங்கி 13 வருஷம் ஆகிறது. தன் புலனடக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக மனைவி ராதாவைப் பக்கத்தில் படுக்கச் சொல்கிறவன். இளையவன் ஜதின் அண்ணனின் நச்சரிப்பு தாங்காமல் சீதாவுக்குத் தாலி கட்டிவிட்டு, தன் சீனக் காதலியைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறான். பக்கவாதத்தில் பேச்சு போன மாமியார் பீஜி, கையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு எதற்கும் அதை அடிக்கிறாள். ராதாவாக ஷபானா ஆஸ்மியும் சீதாவாக நந்திதா தாஸும் இந்த வீட்டுக்குள்தான் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள்.

ஒரு கட்டத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் புல்லாங்குழல் எழுந்தது. எங்கள் இருவரின் முழங்கைகளும் ஒரே நேரத்தில் இடித்துக்கொண்டன. “இது நம்ம ‘பம்பாய்’ ஆச்சே!” மணிரத்னம் படத்துக்காக அவர் போட்ட அதே இசைத் துண்டை இங்கேயும் எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். இந்து முஸ்லிம் கலவரத்துக்காகப் பிறந்த இசை, இரண்டு பெண்களுக்கும் பொருந்திப் போனது எப்படி என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். அவள் தியேட்டர் சமோசாவை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள்.

ரீகலுக்குப் பக்கத்தில் மோகன் சிங் பிளேஸ் மாடியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. குரங்குகள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும் இடம். தலைப்பாகை வைத்த சிப்பந்தி காபி கொண்டுவருவதற்குள் நான் என் விளக்கத்தை ஆரம்பித்துவிட்டேன். படத்தில் ராமலீலா காட்சி வருகிறது, சாமியாரும் அசோக்கும் உட்கார்ந்து சீதை தீக்குளிப்பதைப் பார்க்கிறார்கள். கடைசியில் அடுக்களையில் அசோக்கோடு நடக்கும் மல்லுக்கட்டில் ராதாவின் முந்தானை அடுப்பில் விழுந்து பற்றிக்கொள்கிறது. அவன் எரிகிறவளை விட்டுவிட்டு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். ராதா தீயிலிருந்து மீண்டு, நிஜாமுதீன் தர்காவில் காத்திருப்பவளிடம் மழையில் போய்ச் சேருகிறாள். ஆக, புராணத்தில் சீதை தீயைத் தாண்டிக் கணவனிடம் போனாள், இங்கே ராதா தீயைத் தாண்டிச் சீதாவிடம் போகிறாள். அக்கினிப் பரீட்சையைத் தலைகீழாக்கியிருக்கிறார் பார்த்தாயா என்றேன். எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பேப்பர் நாப்கினில் ஒரு மனுஷ உருவம் வரைந்தாள். தலைக்கு 9. ஒவ்வொரு கைக்கும் 9. நெஞ்சும் வயிறும் சேர்த்து 18, முதுகு 18. ஒவ்வொரு காலுக்கும் 18. மிச்சம் 1. தீக்காய வார்டில் ஆளைக் கொண்டுவந்து இறக்கியதும் மனசுக்குள் இந்தக் கணக்கைத்தான் போடுவார்களாம். எவ்வளவு சலைன் ஏற்றுவது, ஆள் தேறுமா தேறாதா என்பதெல்லாம் இதிலிருந்துதான்.

“முந்தானை பிடிச்சா முதல்ல நெஞ்சும் வயிறும். பதறிப்போய் ரெண்டு கையையும் வச்சு அணைப்பா. கழுத்து, தாடை. நாப்பதுக்கு மேல போயாச்சு, கேட்டியா? அவ எந்த தர்காவுக்கும் நடந்து போகமாட்டா. எனக்க வார்டுக்குத்தான் வருவா. வெள்ளை மருந்து பூசி, கொசுவலைக் கூட்டுக்குள்ள படுத்திருப்பா. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ளன்னா மாஜிஸ்ட்ரேட் வந்து வாக்குமூலம் எழுதுவார். ஸ்டவ் வெடிச்சுப் போச்சு சார்னு சொல்லுவா. எல்லாரும் அதான் சொல்லுவாளுக.”

தில்லியில் பெண்கள் இயக்கம் தெருவுக்கு வந்ததே இந்த அடுக்களைத் தீயால்தான். வரதட்சணைச் சாவுகள். 1986இல் அதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 304-பி பிரிவு. எனக்கு இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் திரையில் தீயைப் பார்த்ததும் என் புத்தி வால்மீகியிடம் ஓடியது. அவள் புத்தி வார்டுக்கு ஓடியது.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அங்கே தீக்குள் இறங்கியவள் சீதை, நம்மூரில் ஊருக்கே தீ வைத்தவள் கண்ணகி, ராதா ஏன் கண்ணகியாகவில்லை என்று கேட்டேன். கண்ணகி யாருக்காகத் தீ வைத்தாள் என்று திருப்பிக் கேட்டாள். புருஷனுக்காக. “அப்போ அவளை என்னத்துக்கு இங்க இழுக்கே?” பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டவளாக, அடையாளம்தான் வேண்டுமென்றால் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்றாள். மோசே கண்ட முட்செடி. தீப்பற்றி எரியும், ஆனால் வெந்துபோகாது. படம் எடுத்தவருக்கு அந்தச் செடிதான் தேவைப்பட்டிருக்கிறது, அதனால்தான் வாக்குமூலம் எழுத வைக்காமல் மழையில் நனைய விட்டிருக்கிறார் என்றாள். என் தலைகீழ் அக்கினிப் பரீட்சையைவிட இது நல்ல வாசிப்பு என்று அப்போதே பட்டது. சொல்லவில்லை.

படத்தில் எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம் வேறு. குடும்பம் மொத்தமும் பூங்காவுக்குப் போகிறது. விரிப்பில் உட்கார்ந்திருக்கும் ராதாவின் பாதத்தைச் சீதா மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிடுகிறாள். கட்டைவிரல் உள்ளங்காலில் மெதுவாக நகர்கிறது. ஷபானா முகத்தில் முதலில் கூச்சம், அப்புறம் யாராவது பார்க்கிறார்களா என்ற பயம், அப்புறம் அதுவும் போய்விடுகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அசோக்கோ இப்படி ஒரு குடும்பம் அமைந்தது தன் பாக்கியம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான். பால்கனியில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழே முன்வரிசை ஆண்களுக்கு எதற்குச் சிரிப்பு என்றே புரியவில்லை.

இந்தக் காட்சி எதையும் குறிப்பதில்லை. கால் கால்தான், கை கைதான். மருமகள்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று வீடு நினைக்கும் அதே செயலில் காதல் நடக்கிறது. ராமலீலா, தாஜ்மகால், கர்வா சௌத் விரதம், சல்லடை வழி நிலா என்று அடுக்கிய அத்தனையும் இல்லாவிட்டாலும், இந்த ஒரு காட்சியை வைத்தே படம் நின்றிருக்கும் என்பது என் கட்சி. குறியீடுகளைக் கொட்டுவது பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரிதான். இந்தப் பெண்கள் இப்படியானதற்கு மரபில் இன்னின்ன காரணங்கள் உண்டு, தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று.

இதில் மட்டும் அவள் என் பக்கம். இன்னும் ஒரு படி மேலேயே போனாள். ஒருத்தன் சாமியார், இன்னொருத்தன் ஊர் மேய்கிறவன், ரெண்டு பேரும் ஒழுங்காக இருந்திருந்தால் இவர்கள் ஒருவரையொருவர் விரும்பியிருக்க மாட்டார்களா? “ஒரு ஆணும் பெண்ணும் விரும்பினா உனக்கு என்ன குறைன்னு யாராவது கேக்காங்களா? இவளுகளுக்கு மட்டும் குறை இருந்தாத்தான் டிக்கெட் கிடைக்கும் போல.” இந்தக் கேள்வியைப் பிற்பாடு பெண்ணிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் முதலில் கேட்டது காபி ஹவுஸ் மாடியில்.

அடுத்து வந்த ஒரு வியாழக்கிழமை நிஜாமுதீனுக்குப் போனோம். அவளுக்கு ராதா நடந்து போன தூரத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அமீர் குஸ்ரோ. குரு நிஜாமுதீனும் சீடன் குஸ்ரோவும் இறந்தது ஒரே 1325இல். இரண்டு சமாதிகளும் சில அடி தூரத்தில். குருவை நாயகனாக்கித் தன்னை மணப்பெண்ணாக்கிப் பாடியவர் குஸ்ரோ. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக உருகியதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த முற்றத்தில் உட்கார்ந்து கவ்வாலி கேட்பது ஒன்றும் அந்நியமாக இல்லை. தீபா மேத்தா கடைசிக் காட்சிக்கு இந்த இடத்தை ஏன் பிடித்தார் என்பதற்கு என்னிடம் இன்னொரு விளக்கம் தயார்.

ஆனால் பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. சமாதிக்கு வெளியே சலவைக்கல் ஜாலியோடு (துளையிட்ட கல் தடுப்போடு) ஒட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையிலும் சிவப்பு நூல் முடிச்சுகள். ஒரு கிழவி ஓட்டைக்குள் விரலை விட்டு உள்ளே எதையோ தொட முயன்றுகொண்டிருந்தாள். என் தோழி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “ஆம்பிள பொம்பளை மாதிரி பாடினா பக்தி. பொம்பளைக்கு வாசல்படி” என்றாள். குஸ்ரோவைப் பற்றி அன்றைக்கு நான் மேற்கொண்டு பேசவில்லை.

டிசம்பர் 2ஆம் தேதி மும்பையில் சிவசேனாக்காரர்கள் தியேட்டருக்குள் புகுந்தார்கள். மறுநாள் ரீகல். கண்ணாடிகளை உடைத்தார்கள், சுவரொட்டிகளைக் கிழித்தார்கள், காட்சி நின்றது. படத்தைத் திரும்பத் தணிக்கைக்கு அனுப்பினார்கள். பாத்திரங்களின் பெயரை முஸ்லிம் பெயர்களாக மாற்றினால் எதிர்ப்பை விட்டுவிடுகிறோம் என்று பால் தாக்கரே சொன்னதாகச் செய்தி வந்தது. தணிக்கைக் குழு பெயரை மாற்றியபோது நாங்கள் சிரித்தோம். இதற்குச் சிரிப்பு வரவில்லை. 7ஆம் தேதி மாலை ரீகல் வாசலில் மெழுகுவத்தி ஏந்திக் கூடினார்கள். தீபா மேத்தாவும் வந்திருந்தார். நைட் டியூட்டிக்குப் போகிற வழியில் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். அரசு ஊழியர் நடத்தை விதிகளை நினைத்து நான் கூட்டத்தின் ஓரமாகவே நின்றேன். பேச்சுரிமை, சகிப்புத்தன்மை என்று பல அட்டைகள். அவற்றுக்கு நடுவே, இந்தியர்தான், லெஸ்பியனும்தான் என்று சொன்ன ஓர் அட்டை. அதைத் தூக்கிப் பிடித்த கை கொஞ்சமும் தாழவில்லை. படத்துக்கு வந்த எதிர்ப்பை எதிர்க்க வந்தவர்களிலேயே சிலர் அந்த அட்டைக்குப் பக்கத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டதையும் பார்த்தேன். அவள் அதன் பக்கத்தில்தான் நின்றாள், வெள்ளைச் சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பஸ் வரும் வரை.

அதற்குப் பிறகு எங்கள் பர்சாத்தியில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. வீட்டுக்கார ஆன்ட்டி பஞ்சாபி, பிரிவினையின்போது குழந்தையாக லாகூரிலிருந்து வந்தவர். குளிர்காலத்தில் எங்கள் இருவரையும் பிடித்து உட்கார வைத்துத் தலையில் கடுகெண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவருடைய மகன் தினமும் காலையில் ‘ஃபயர்’ செய்திகளைச் சத்தமாக வாசித்து, நாடு கெட்டுப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி மாடிக்கு வந்தார். இரண்டு கயிற்றுக் கட்டில்களையும் சேர்த்துப் போட்டு ஒரே ரஜாயில் (பஞ்சுப் போர்வையில்) நாங்கள் தூங்குவது அவருக்குப் புதிதல்ல. இரண்டாவது ரஜாய் வாங்க எங்களிடம் காசு இல்லை என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு எங்களைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தார். சாயங்காலம் கீழேயிருந்து ஒரு ரஜாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குளிர் அதிகமாகிவிட்டது மகளே என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் படத்தின் மேல்தான் வந்தது. நேற்று வரை யாரும் எண்ணாத கட்டிலை இன்று எண்ண வைத்துவிட்டார்கள். மது கிஷ்வர் ‘மானுஷி’ இதழில் ஏறக்குறைய இதையே எழுதினார். நம் வீடுகளில் பெண்களுக்குள் இயல்பாக இருந்த நெருக்கத்தின் மேல் இந்தப் படம் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது என்று. நான் அதை ஆமோதித்தேன்.

அவள் ரஜாயை மடித்துக்கொண்டே, வார்டுக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவளைப் பார்க்க இன்னொரு பெண் தினமும் வருவாளாம். பார்வை நேரம் முடிந்தும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். பதிவேட்டில் உறவு என்ற கட்டத்தில் ‘பக்கத்து வீடு’ என்று எழுதியிருந்தது. மருந்துச் சீட்டை அவளிடம்தான் கொடுப்பார்கள், கையெழுத்துக்கு மட்டும் புருஷன் வீட்டார் வரும்வரை காத்திருப்பார்கள். கடைசியில் உடம்பை வாங்கிக்கொண்டு போனதும் அவர்கள்தான். வண்டியில் படிக்கட்டில் இருந்தவளுக்கு இடமில்லை. “அவளையும் யாரும் எண்ணல, பாத்தியா. நிம்மதியாத்தான் இருந்தாளா, ஏட்டி?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் யாருக்காக வாதாடினாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணுமாக்கும் உனக்கு என்றுதான் சொல்லியிருப்பாள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியபோதும், 2021இல் ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பெழுதியபோதும், அந்தப் படிக்கட்டுக்காரிதான் எனக்கு நினைவுக்கு வந்தாள். 2024இல் மத்திய சுகாதார அமைச்சகம், நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் துணைவர் உடலைக் கோருவது பற்றி மாநிலங்களுக்கு எழுதியது. நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில்! செத்தவளுக்கு இருந்தார்கள்.

1999 பிப்ரவரியில் படம் மறுபடியும் வெட்டு இல்லாமல் வெளிவந்தது. ஆனால் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அதற்கு முன்பே ஒரு காட்சி நடந்துவிட்டது. ஜனவரி வெயிலில் ஆன்ட்டி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மகன் வீட்டில் இல்லை. சுற்றிவளைக்காமல், அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, நீங்கள் பார்த்தீர்கள்தானே, சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு கூடை பட்டாணியை முன்னால் இழுத்துக்கொண்டு, தன் ஆஸ்பத்திரி இந்தியில் கதையைத் தொடங்கிவிட்டாள். அந்த இந்தியில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, யார் கூட வந்திருக்கிறார்கள் என்பதுதான் நன்றாக வரும். கதைக்கு அது போதுமானதாக இருந்தது.

எதையும் மறைக்கவில்லை. சாமியார் புருஷனுக்கு ஆன்ட்டி உச்சுக் கொட்டினார். சீனக் காதலிக்குச் சிரித்தார். கர்வா சௌத்தில் ராதா சீதாவுக்குச் சொல்லும் கதையை, உடம்பெல்லாம் ஊசி தைத்த ராஜாவின் கதையை, அவரே முந்திக்கொண்டு சொல்லி முடித்தார். ஒவ்வொரு வருஷமும் விரதத்தன்று அவர் சொல்லும் கதையாயிற்றே. இரண்டு பெண்களின் விஷயம் வந்தபோது பட்டாணி உரிக்கும் கை நிற்கவுமில்லை, வேகமாகவுமில்லை. பெண்களின் நெருக்கத்தைப் பற்றி இஸ்மத் சுக்தாய் 1942இல் எழுதிய ‘லிஹாஃப்’ (ரஜாய்) கதைக்காக ஆன்ட்டி பிறந்த லாகூரில்தான் ஆபாச வழக்கு நடந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. நல்லவேளையாக அவள் என்னைப் பேச விடவில்லை.

தீப்பிடித்து, மழை பெய்து, கதை முடிந்தது. ஆன்ட்டி தோல்களை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

“அந்தக் கிழவி என்ன ஆனாள்?” என்றார்.

“எந்தக் கிழவி?”

“மணி அடிப்பாள் என்றாயே. இரண்டு மருமகளும் போய்விட்டார்கள். இனி அவள் அடித்தால் யார் வருவார்கள்?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். படத்தைப் பற்றி அத்தனை நாள் பேசியும் பீஜியின் கதி எங்கள் பேச்சுக்குள் வந்ததே இல்லை.

“தீப்பிடிச்சப்போ அவளை மகன் தூக்கிக்கிட்டு வெளியே போயிட்டான் ஆன்ட்டி” என்றாள் என் தோழி. “பொண்டாட்டியை எரிய விட்டுட்டு.”

“அம்மாவைத்தான் முதலில் தூக்குவான். அதில் என்ன தப்பு?” ஆன்ட்டி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு படி இறங்கியவர் நின்றார். “வெளியே வைத்துவிட்டுத் திரும்பி வந்தானா?”

“வரல.”

“அப்படியானால் அவள் போனது சரிதான்” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.